இடது செருப்பு

வியாழக்கிழமை போர்டு.
அடுக்கம்பாறையில் பதினோரு மணிக்கே
ஜன்னல் கம்பியைத் தொட முடியாது.
ஃபைல் முப்பத்தேழு: கோ. எத்திராஜ், வயது நாற்பத்து நான்கு,
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு இப்பால்
மணல் லாரி, மொபெட், பின்சீட்டில் அரை மூட்டை கத்தரிக்காய்.
கத்தரிக்காய் ஏன் ஃபைலில் இருக்கிறது, தெரியவில்லை.
அதனாலேயே விபத்தை நம்பினேன்.

"இடுப்பில் தாங்கொணா வேதனை உள்ளது, மேடம்.
நெடுநேரம் அமர இயலவில்லை."

இயலவில்லை.
சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருக்கும்
ஏதோ ஒரு குமாஸ்தாவின் வெற்றிலை வாசம்
அந்தச் சொல்லில் அடித்தது.
பதினாறு வருஷத்தில்
வலித்தவர் ஒருவரும் என்னிடம் இயலவில்லை என்றதில்லை.

படுக்க வைத்து இடது காலைத் தூக்கினேன்.
முப்பது டிகிரியில் அலறினார்.
உச்சந்தலையில் இரண்டு விரல் வைத்தேன்,
அழுத்தக்கூட இல்லை,
இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
குறித்துக்கொண்டேன்.
ஸ்டூலில் உட்கார்ந்ததும்
"உள்ளங்கால்ல ஏதோ ஆணி மாதிரி இருக்கே, காட்டுங்க" என்றேன்.
சட்டென்று நீட்டினார்.
முழங்கால் நேராக, முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல்.

ஆணி எதுவும் இல்லை.
பொய்யைப் பிடிக்க நான் சொல்லும் பொய் அது.
அதற்குப் பரிசோதனை என்று பெயர்,
பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது.

"ராத்திரி தூக்கம்?"
பேனாவை மூடிவிட்டுத்தான் கேட்டேன்.
மூடியதும் தமிழ் மாறியது.

"இன்னா மேடம் சொல்றது. குந்துனா எந்திரிக்க முடில.
பொரண்டு படுத்தா கொடச்சல்.
இங்கேர்ந்து கட்டவெரல் வரிக்கும் சுள்ளுனு
ஒரு கம்பி எறங்கும்.
அவ எந்திரிச்சிடப் போறான்னு
தலகாணிய கடிச்சிக்கினு கெடப்பேன்."

கட்டைவிரல் வரைக்கும்.
நரம்பு போகிற தெரு அது,
குமாஸ்தாக்களுக்கு அங்கே கடை இல்லை.

உடனே பயந்துபோனார்.
"இத எழுதிடாதீங்க. வக்கீல் ஒண்ணு சொல்லி
நான் ஒண்ணு சொன்னா கேஸு பூடும்."

இன்சூரன்ஸ்காரர் ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தார்.
ரேஷன் கடை வாசல், தோளில் அரிசி மூட்டை,
சந்தேகமில்லாமல் எத்திராஜ்.
பதினோரு நொடி.
பன்னிரண்டாவது நொடி யாரிடமும் இல்லை.

அவர் சட்டை மாட்டும்போது
வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைப் பார்த்தேன்.
வலதில் குதிகால் ஓரம் கரைந்து, காகிதமாய்ச் சாய்ந்திருந்தது.
இடதில் கம்பெனி முத்திரைகூட அழியவில்லை.

செருப்புக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை
என்று எழுதிவிட்டு எழுந்துபோயிருக்கலாம்.
ஆனால் பத்தொன்பது வருஷம் சோல் ஒட்டியவர்.
தேய்க்கிற மெஷின் எந்த மூலையில் நிற்கிறதென்று
அவருக்குத் தெரியும்.
இப்படி யோசிக்கிற ஆளாக
நான் எப்போது ஆனேன் என்றுதான் தெரியவில்லை.

படிவத்தில் வலிக்கு இடமில்லை.
சதவீதத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
முப்பது என்று எழுதப்போய்
இருபத்தெட்டு என்று எழுதினேன்.
முழு எண்ணைக் கண்டால்
கோர்ட்டில் நம்பமாட்டார்கள்.

கதவு சாத்தியதும் காதைக் கொடுத்தேன்.
வராந்தாவில் ஒரு மிதி, ஒரு இழுப்பு.
ஒரு மிதி, ஒரு இழுப்பு.
பார்க்க ஆளில்லாத இடத்திலும் அதே நடையா?
எட்டு. ஒன்பது. பத்து.
படிக்கட்டு திரும்பும் இடம் வரும்போது
கரன்ட் போய்
ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள்.

"முப்பத்தெட்டு" என்று நர்ஸ் கூப்பிட்டாள்,
அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தி.